அருமைநாயகம், கேர் ஆஃப் செல்வமணி பூத்

டெலிபோன் பூத் நடத்துகிறவனுக்குக் காது இருக்கக் கூடாது என்பது திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் பூத் வைத்திருக்கும் செல்வமணியின் கொள்கை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மாமியாரை நினைத்து ஒப்பாரி வைப்பாள். ஒருத்தன் கத்தாரில் இருக்கும் தம்பியை வாயில் வந்தபடி ஏசுவான். இந்தப் பக்கம் செல்வமணி பில் மெஷினில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருப்பான். கம்ப்யூட்டர் வாங்கி மெயில் சேவை தொடங்கியபோது, இனிமேல் கண்ணும் கூடாது என்று தானாகவே இன்னொரு விதியைச் சேர்த்துக்கொண்டான். காதையும் கண்ணையும் மூடிக்கொண்டு ஒரு மனுஷன் கடை நடத்தினால் என்ன ஆகும்? இந்தக் கதையில் ஆனதுதான் ஆகும்.

இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் செத்துப்போகும் என்று பயமுறுத்தி, ஒன்றுகூடச் சாகாமல் போன வருஷத்தில்தான் அவன் அதைத் தொடங்கினான். திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த தெக்கத்தித் தமிழர்களுக்குக் கடிதம் வருவது எப்போதும் வேலை பார்க்கிற கடை விலாசத்துக்குத்தான். இன்னார், கேர் ஆஃப் இன்ன ஸ்டோர்ஸ், சாலை என்று எழுதினால் போதும். தபால்காரர் கடையில் போட்டுவிட்டுப் போவார், கடைக்காரர் ஆளைக் கூப்பிட்டுக் கொடுப்பார். வளைகுடாவுக்குப் போன பயல்கள் அங்கே மெயில் அனுப்பக் கற்றுக்கொண்டபோது, செல்வமணிக்கு இந்தக் கேர் ஆஃப் வழக்கம்தான் ஞாபகம் வந்தது. அவனிடம் இருந்தது ஒரே ஒரு மெயில் விலாசம். அதையே ஊர் முழுக்கக் கொடுத்தான்.

"ஒங்க ஆளுகிட்ட சொல்லுங்க. மொதல்ல ஒங்க பேரு. அதுக்கப்புறம் அம்பு முனை மாதிரி ரெண்டு அடைப்புக்குறி, அதுக்குள்ள என் அட்ரஸ். கேர் ஆஃப் போடுக மாதிரியே. அவ்வளவுதான்" என்பான்.

மெயில் விதிகளின்படியே அதில் குற்றம் இல்லை. விலாசத்துக்கு முன்னால் பெயர் எழுதலாம். அவனிடம் இருந்த பழைய மெயில் புரோகிராமும் கறுப்புத் திரையில் வந்ததை வந்தபடி காட்டுகிற அப்பிராணி. செல்வமணி பெறுநர் வரியை மட்டும் பார்ப்பான். கோமதியம்மாள் என்றிருந்தால் அச்செடுத்து, எழுத்து உள்ளே போகும்படி நாலாக மடித்து, மேலே கோமதியம்மாள் என்று பேனாவால் எழுதி வைப்பான். உள்ளே இங்கிலீஷ் எழுத்தில் உடைத்து உடைத்து எழுதிய தமிழில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் அவனுக்கு ஒரு கர்வமே இருந்தது. நாற்பது குடும்பத்துப் பெயர் அவன் கணக்கில் இருந்தது, ஒரு கடிதம்கூட ஆள் மாறவில்லை.

அந்த நாற்பதில் ஒரு பெயருக்கு மட்டும் கடிதமே வந்ததில்லை. எதிர்த்த அரிசி மண்டியில் எடை போடுகிற அருமைநாயகம். பாறசாலைக்காரர், மனைவி தவறிப்போனவர், சர்ச்சில் முன்வரிசை. அவருடைய ஒரே மகன் ஜெஸ்லின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். விமானம் ஏறுவதற்கு முன்னால் அவனே பூத்துக்கு வந்து, "அப்பா பேரையும் சேத்துக்கிடுங்க அண்ணே, நான் வாராவாரம் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். போன இடத்தில் ஜிஜி என்கிற கோழஞ்சேரி மலையாள நர்ஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, கல்யாணப் போட்டோவைத் தபாலில் அனுப்பினான். போட்டோவுக்குப் பின்னால், தன் மெயில் விலாசத்தோடு, அப்பா ஒரு வரி எழுதினால் போதும், இரண்டு பேரும் வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தான்.

அருமைநாயகமோ சர்ச்சில் வேறொரு வீட்டில் மகனுக்குப் பெண் எடுப்பதாக வாக்குக் கொடுத்து வைத்திருந்தவர். மண்டி நடுவில் நின்று, முதலாளியும் மூட்டை சுமக்கிற சுமட்டுக்காரர்களும் கேட்க, "நாலு கடுதாசி எழுதிக் கெஞ்சட்டும். அதுக்குப் பெறகு ஒரு வரி எழுதலாமா வேண்டாமான்னு நான் ஆலோசிக்கேன்" என்று அறிவித்துவிட்டார். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, அவனும் எழுதவில்லை. வருஷம் மூன்று ஓடியது. இரண்டு பேருக்கும் நடுவில் அரபிக்கடலும் அதைவிட ஆழமான வீம்பும் கிடந்தன. சுமட்டுக்காரன் வேலப்பன் மட்டும் சாயங்காலந்தோறும் மூட்டையை இறக்கிவிட்டு, "அண்ணாச்சி, மஸ்கட்டுலேந்து கத்து வந்நோ?" என்று கேட்பான். கத்து என்றால் கடிதம். கேலிக்குத்தான் கேட்பான். அருமைநாயகம் காதில் விழாத மாதிரி தராசைத் துடைப்பார். வாய் விட்டுச் சொன்னதை அத்தனை பேர் முன்னால் எப்படித் திருப்பி விழுங்குவது? மகனைப் பார்க்காமலே கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அது செல்வமணிக்குத் தெரியும். பூத்துக்கு வந்து மஸ்கட்டுக்கு எண்ணைச் சுழற்றி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டுப் போகிற ஆளை அவன் இரண்டு தடவை பார்த்திருக்கிறான்.

அந்த வருஷம் ஓணம் கழிந்து, அக்டோபர் கடைசியில் செல்வமணியின் பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ரதீஷ் புதியது ஒன்று கொண்டுவந்து வைத்தான். கூடவே புதிய மெயில் புரோகிராம். கலர் கலராகப் படம், தொட்டால் திறக்கிற ஜன்னல்கள். அதில் அட்ரஸ் புக் என்று ஒரு இடம் இருந்தது. ரதீஷ் போன பிறகு செல்வமணி அதைத் திறந்து பார்த்தான். பெயருக்கு ஒரு கட்டம், விலாசத்துக்கு ஒரு கட்டம். பெரிய தபால் ஆபீஸில் கடிதம் பிரித்துப் போட மரத்தில் அறை அறையாக அடித்து வைத்திருப்பார்களே, அதுதான் இது என்று அவன் முடிவு கட்டினான். உட்கார்ந்து நாற்பது பேரையும் ஏற்றினான். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் தன்னுடைய ஒரே விலாசத்தையே அடித்தான். இனி கடிதம் தானாகவே அதனதன் அறையில் போய் விழும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டான். பிள்ளையார் பிடிக்கத்தான் உட்கார்ந்தான், பாவம்.

மறுநாள் காலை முதல் கடிதம் வந்தது. பெறுநர் வரியில் அருமைநாயகம் என்று இருந்தது.

செல்வமணி அதை இரண்டு தடவை பார்த்தான். அச்செடுத்து, மடித்து, பெயர் எழுதினான். பூத்தைத் திறந்தபடி போட்டுவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடினான். தள்ளுவண்டிக்காரன் ஒருவன் வைது தீர்த்தான்.

"அண்ணாச்சி! வந்தாச்சு!"

மண்டியில் எல்லாரும் திரும்பினார்கள். வேலப்பன் தலையில் இருந்த மூட்டையை இறக்காமலே நின்றான். அருமைநாயகம் காகிதத்தை வாங்கி, மேலே எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்தார். மடிப்பைக் கொஞ்சம் விலக்கி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வாசிக்காண்டாமா? நான் வேணும்னா பையன் யாரையாவது..." என்றார் முதலாளி.

"ஒண்ணுதான வந்திருக்கு. நாலு வரட்டும்" என்றார் அருமைநாயகம்.

அந்த வாரமே நாலு வந்துவிட்டது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு. எல்லாம் அருமைநாயகத்துக்குத்தான். மகன் மூன்று வருஷத்துப் பாக்கியைச் சேர்த்து எழுதுகிறான் என்று சாலை முழுக்கப் பேச்சு. வேலப்பன் கேலியை விட்டுவிட்டான். செல்வமணியும் சந்தோஷமாகத்தான் இருந்தான். மற்றவர்களுக்கு ஒன்றும் வரவில்லையே என்று ஒரு நாள் உறைத்தது. ஆனால் ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. வழக்கமாக இரண்டு நாள் தாமதித்தால் பூத்து வாசலில் வந்து நிற்கிறவர்கள், இப்போது சிரித்த முகமாகக் கடந்து போனார்கள். கேட்காததற்குக் காரணம் கேட்கிற வழக்கமும் செல்வமணிக்கு இல்லை.

ஒரு நாள் பழவங்காடிக் கோமதியம்மாள் மெயில் அனுப்ப வந்தாள். அங்கே பிள்ளையார் கோயிலில் உடைக்கிற தேங்காய் விற்கிறவள் அவள். புருஷன் பேச்சிமுத்து மஸ்கட்டில் கட்டட வேலை. சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பதற்குச் செல்வமணியின் விதியில் இடம் உண்டு.

"முதுகுவலி கொறஞ்சிருக்குன்னு கேட்டு நிம்மதியாச்சுன்னு எழுதுங்க அண்ணே" என்றாள். "ஜெஸ்லின் தம்பி வந்து பாத்ததுக்கு நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன்னும் எழுதுங்க."

"ஜெஸ்லினா?"

"ஆமா. அருமைநாயகம் அண்ணாச்சி மகன். அவுக முதுகுவலின்னு கெடக்கையில தம்பி போயிப் பாத்திருக்கு. அப்பாவுக்கு எழுதுன கடுதாசில எல்லாத்தையும் எழுதியிருக்காம். அண்ணாச்சி கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனாவ. தங்கமான புள்ள."

செல்வமணி அடித்து அனுப்பினான். தங்கமான பிள்ளைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

நவம்பர் பாதியில் அருமைநாயகமே பூத்துக்கு வந்தார். சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். வெளியே வேலப்பனும் இன்னும் இரண்டு பேரும் நிற்பதைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"நாலு கேட்டேன், ஏழெட்டு எழுதிட்டான். இனியும் நான் எழுதாம இருந்தா தெய்வத்துக்கு அடுக்காது. அடிடே மக்கா."

செல்வமணி அடித்தான். அன்புள்ள மகன் ஜெஸ்லினுக்கு. உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. நீ இவ்வளவு எழுதிய பிறகு நான் பிடிவாதம் பிடிப்பது சரியல்ல. கிறிஸ்மஸுக்கு நீயும் ஜிஜியும் வரவும். அப்பா.

ஜிஜி என்ற பெயர் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். செல்வமணி அனுப்புகிற பொத்தானை அழுத்தியதும், "போயிட்டா?" என்று கேட்டார். "போயிட்டு" என்றான் செல்வமணி. "இனி திரும்பி எடுக்க முடியுமா?" "முடியாது அண்ணாச்சி." அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து ஓட்டலில் புரோட்டா போடுகிற வீரபாண்டி பூத்து வாசலில் நின்று சொன்ன சேதிதான் செல்வமணியின் மூடிய கண்ணைத் திறந்தது. தமாமில் இருக்கும் அவன் அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்களாம். ஜெஸ்லின் கூட இருந்து பார்த்துக்கொண்டானாம். அதே வாரம், பூத்தில் கடிதம் வாங்குகிற சரோஜத்தின் தோகாவில் இருக்கும் தம்பிக்கு வேலை நிரந்தரமானதையும் ஜெஸ்லின்தான் பார்த்துவிட்டு எழுதினானாம். மஸ்கட், தமாம், தோகா. இவன் ஏசி மெக்கானிக்கா, இல்லை ஏரோப்ளேன் ஓட்டுகிறவனா? செல்வமணி பத்து வருஷமாக வெளிநாட்டுக்குப் போன் போட்டுக் கொடுக்கிறவன். எந்த ஊர் எங்கே கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ரதீஷுக்குப் போன் போட்டான்.

ரதீஷ் வந்து அட்ரஸ் புக்கைத் திறந்ததும் தலையில் கை வைத்தான்.

"அண்ணா, இதெந்தா செய்து வெச்சிருக்கு? நாற்பது பேருக்கும் ஒரே அட்ரஸ்ஸா?"

"கேர் ஆஃப்டே. எல்லாரும் நம்ம கேர் ஆஃப்தான?"

"அடைப்புக்குள்ள கெடக்கறது மாத்ரமே அட்ரஸ். வெளியில எழுதற பேரு மனுஷன் பாக்கறதுக்கு. புரோகிராமுக்கு அது ஒரு கார்யமே இல்ல. இவன் எந்தா செய்யும்? அட்ரஸ்ஸ பாக்கும். நிங்ஙளோட புக்ல தேடும். அங்க மொதல்ல எந்த பேரு கெடக்கோ, அத தூக்கி வந்த பேருக்கு மேல வெக்கும். இங்கிலீஷ்ல 'ஏ'தான மொதல்ல வரும்? அருமைநாயகம்."

"பழையது இப்படிச் செய்யாதே."

"பழையது பாவம். வந்தத வந்தபடி காமிக்கும். புதிய ஆளுக்கு புத்தி கூடுதல், அதாணு பிரச்னை."

கடிதத்தின் மூலத்தைத் திறந்து பார்க்க ஒரு வழி உண்டு என்று காட்டிக் கொடுத்தான். அனுப்பியவன் எழுதிய வரி அதில் அப்படியே இருந்தது. முதல் கடிதம் கோமதியம்மாளுக்கு. இரண்டாவது சரோஜத்துக்கு. மூன்றாவது வீரபாண்டிக்கு. கடைசிவரை இறங்கிப் பார்த்தார்கள். அருமைநாயகத்துக்கு ஒன்றுகூட இல்லை.

ரதீஷ் அட்ரஸ் புக்கைக் காலி செய்துவிட்டுப் போனான். செல்வமணி கணக்குப் போட்டுப் பார்த்தான். கடிதங்கள் கம்ப்யூட்டரில் பத்திரமாகத்தான் இருந்தன. மறுபடி அச்செடுத்து உரியவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தக் கிழவர் வராத கடிதத்தை வந்ததாக நம்பி, மூன்று வருஷ வீம்பை விட்டு, மருமகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுதிவிட்டாரே. திரும்பி எடுக்க முடியாது என்று நாமே சொன்னோமே.

மத்தியானம் மண்டியில் ஆள் குறைந்த நேரம் பார்த்துப் போனான். அருமைநாயகம் மூட்டைகளுக்குப் பின்னால் சாப்பிட்டுவிட்டுத் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தக் கடுதாசியெல்லாம்..."

"எனக்குள்ளது இல்ல" என்றார் அவர். வாளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செல்வமணி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"மொதல் நாளே தெரியும். அன்புள்ள கோமதிக்குன்னு தொடங்கியா என் மகன் எனக்கு எழுதுவான்?"

"ஒங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து..."

"முப்பது வருஷமா சாக்குல அடிச்ச எழுத்தப் பாத்துத்தானடே எடை போடுகேன். கூட்டிக் கூட்டி வாசிப்பேன். ஒருத்தருட்டயும் சொன்னதில்ல, அவ்வளவுதான்."

"பெறகு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

அருமைநாயகம் வாளியைக் கவிழ்த்து வைத்தார். "நீ எப்படி ஓடி வந்தே? வந்தாச்சு, வந்தாச்சுன்னு கூவிக்கிட்டு. முதலாளி பாத்தாரு. வேலப்பன் தலையில சொமையோட நின்னு பாத்தான். மூணு வருஷமா ஒண்ணும் வராத ஆளுக்கு ஆதியமாட்டு, மொத மொதலா, ஒண்ணு வருகு. இது எனக்குள்ளது இல்லன்னு எந்த வாயால நான் சொல்லுவேன்?"

வாளியின் மூடியைத் துடைத்தார். "ரெண்டாவது வந்தப்போ திருப்பித் தந்திரணும்னுதான் நெனச்சேன், கர்த்தர் சத்தியமா. நாலாவது வந்தப்பம்தான் புத்தி வேற வழிக்குப் போச்சு. நாலு ஆயாச்சே. எல்லாரும் எண்ணிக்கிட்டு இருந்தானுவ. இனி நான் எழுதினா ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். அடுத்தவங்க சேதிய நான் முழுங்கல்ல கேட்டியா, ஒண்ணு விடாம வீட்டுக்குப் போயிச் சொல்லியாச்சு."

"அது சரி அண்ணாச்சி. ஊரு நம்பும். ஆனா ஜெஸ்லினுக்குத் தெரியுமே, அவன் எழுதல்லன்னு."

"அதான் மக்கா" என்றார் அருமைநாயகம். குரல் இறங்கிவிட்டது. "எழுதச் சொல்லும்போ அது தோணல்ல. மண்டி ஆளுக கேக்கணுமேன்னு, ஒன் கடுதாசியெல்லாம் கெடச்சுதுன்னு சொல்லிட்டேன். இப்பம் அவன் என்ன நினைப்பான்? கெழவனுக்குச் சித்தம் கலங்கிப்போச்சுன்னு நினைப்பான். இல்லேன்னா, நான் எழுதாமலே அப்பன் எறங்கி வந்துட்டாரு, அதுக்கு ஒரு பொய்யும் சொல்லுகாருன்னு அவளுட்ட சொல்லிச் சிரிப்பான். நான் ஒரு கடுதாசியும் எழுதல்லன்னு ஒரு வரி திருப்பி எழுதினான்னு வையி, பெறகு எனக்கு இந்த ஜென்மத்துல அவன் மொகத்துல முழிக்க ஒக்காது."

செல்வமணி பூத்துக்குத் திரும்பினான்.

அன்று சாயங்காலமே கடிதங்களை மறுபடி அச்செடுத்து உரியவர்களிடம் கொடுத்தான். கம்ப்யூட்டர் கோளாறு, தாமதமாகிவிட்டது என்றான். அது பொய்யும் இல்லை. எந்தக் கடிதத்திலும் ஜெஸ்லின் என்ற பேச்சே இல்லாததை அவர்கள் கவனித்திருக்க வேண்டும். வீரபாண்டி படித்துவிட்டு மண்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்தான், புரோட்டாக் கல்லுக்குத் திரும்பிவிட்டான். சாலையில் எல்லாவற்றுக்கும் வாய் உண்டு. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஏனோ வாய் வரவில்லை. சொன்ன சேதியில் ஒன்றும் பிசகில்லையே என்பது காரணமாக இருக்கலாம்.

கோமதியம்மாள் மட்டும் சும்மா இருக்கவில்லை. கையில் காகிதத்தோடு நேராக மண்டிக்கு வந்தாள். சுமட்டுக்காரர்கள் விலகிப் போகும்வரை நின்றாள். செல்வமணி அவளைத் தடுக்கலாம் என்று பின்னாலேயே போயிருந்தான்.

"சேதி எல்லாம் சொன்னீய அண்ணாச்சி" என்றாள், குரலை உயர்த்தாமல். "முதுகுவலிய சொன்னீய, லீவ சொன்னீய. கடைசியில ரெண்டு வரி எனக்குன்னு எழுதியிருந்தாவளே, அத ஏன் சொல்லல்ல?"

அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "அத நான் எப்பிடிம்மா வாயால சொல்லுவேன்?"

"அதாம் கடுதாசி. மத்ததெல்லாம் சேதி."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. பையில் வைத்திருந்த காகிதங்களை எல்லாம் எடுத்துச் செல்வமணியின் கையில் கொடுத்தார். இது இருந்தால் தூங்க முடியாது என்றார். அவை இல்லாமலும் அவர் தூங்கியதாகத் தெரியவில்லை; காலையில் கண் சிவந்துதான் வந்தார்.

மஸ்கட்டிலிருந்து பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அருமைநாயகம் எடையில் தடுமாறி முதலாளியிடம் பேச்சு வாங்கினார். சாலையில் கிறிஸ்மஸ் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்தன. "மோன் எப்ப வரும் அண்ணாச்சி?" என்று வேலப்பன் இப்போது மரியாதையாகவே கேட்டான். கேலியைத் தாங்கிய மனுஷனால் இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. ஏதோ வேலையிருப்பதுபோல உள்ளே போய்விடுவார். செல்வமணி மெயில் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கே பயந்தான். வராவிட்டாலும் கஷ்டம், வந்தால் என்ன வரும் என்பது அதைவிடக் கஷ்டம்.

டிசம்பர் பிறந்து ஒரு நாள் காலை வந்தது. பெறுநர் வரியில் அருமைநாயகம். செல்வமணி ரதீஷ் காட்டிய வழியில் உள்ளே போய் மூலத்தையும் பார்த்தான். அங்கேயும் அருமைநாயகம். அனுப்பியவன் ஜெஸ்லின். அதற்குமேல் ஒரு வரி இறங்கிப் பார்க்க அவனுக்குக் கை அரித்தது. பார்க்கவில்லை. மடித்து, பெயர் எழுதி, இந்தத் தடவை ஓடாமல் நடந்தே தெருவைத் தாண்டினான்.

அருமைநாயகம் தராசுத் தட்டில் பாதி அரிசியோடு நின்றார். கையை நீட்டவில்லை.

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"உள்ள போயும் பாத்தேன் அண்ணாச்சி. நீங்கதான். ஜெஸ்லின் எழுதுனது."

வேலப்பன் நாலடி தள்ளி வந்து நின்றான். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அருமைநாயகம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். இங்கிலீஷ் எழுத்து தனக்குத் தெரியாது என்ற பாவனையை அன்றைக்கு மறந்துவிட்டார். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, உதட்டை அசைத்து, கூட்டிக் கூட்டி வாசித்தார். பக்கத்தில் நின்ற செல்வமணிக்கு மட்டும் அது அப்படியே கேட்டது.

'அன்புள்ள அப்பாவுக்கு. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் உங்களுக்குக் கிடைத்தது என்று அறிந்து மிகவும் சந்தோஷம். நடுவில் எங்காவது தவறிப்போயிருக்குமோ என்று பயந்தேன். ஜிஜிக்கு லீவு கிடைத்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி வருகிறோம்.'

அவர் முடித்துவிட்டு மறுபடி மேலே போனார். நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் என்ற இடத்தில் விரல் நின்றது. அங்கிருந்து நகரவே இல்லை.

"எந்தா அண்ணாச்சி, மோன் என்ன எழுதியிருக்கான்?" என்றான் வேலப்பன்.

"முன்ன எழுதினதெல்லாம் எனக்குக் கெடச்சதுல அவனுக்கு சந்தோஷமாம்" என்றார் அருமைநாயகம், மண்டி முழுக்கக் கேட்கும்படி. "ரெண்டு பேரும் வருகாங்க."

வேலப்பன் விசிலடித்தான். முதலாளி சாயா வாங்கிவரச் சொன்னார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அருமைநாயகம் செல்வமணியின் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஒரு வரி எழுதல்ல மக்கா அவன். ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "எனக்கு வேண்டிப் பொய் சொல்லியிருக்கான்."